பதிவேடும் பலிபீடமும்

அரசு என்று ஒன்று நிலைபெற்ற நாள்தொட்டு ஏடுகளும் இருந்து வருகின்றன. நிலம் எவருடையது, வரியை எவர் செலுத்தினார், குழந்தை எவருடையது, இறந்தவர்க்கு உரியவர் எவர் என்பனவற்றை எழுதிவைப்பது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று. இவ்வேடுகளை எழுதும் எழுத்தருக்கு மனித மனத்தின் ஆழத்தைப் பற்றிய ஆராய்ச்சி தேவையில்லை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் மாணவன் பெயரை எழுதும் ஆசிரியர், அவன் பிற்காலத்தில் சான்றோன் ஆவானா என்று ஆராய்ந்த பிறகு எழுதுவதில்லை. அவன் வந்து நிற்கிறான், ஆகவே எழுதுகிறார். இத்துணை எளிய செய்தி, ஒருபால் இணையரின் கூட்டுவாழ்வைப் பதிவு செய்யலாமா என்னும் கேள்வி எழுந்தவுடன் கற்றறிந்தார்க்கும் மறந்துவிடுகின்றது. "பதிவு செய்தால் சமயம் என்னாவது? பண்பாடு என்னாவது?" எனக் குரல் எழுப்புகின்றனர். ஏட்டில் எழுதுவதையும் இறைவன் திருமுன் வாழ்த்துவதையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவதே இக்குரலுக்குக் காரணம். இக்குழப்பத்தைச் சட்டத்தின் வாயிலாக முதன்முதலில் தீர்க்க முற்பட்ட நாடு டென்மார்க். அந்நாடு செய்ததையும், செய்யத் தவறியதையும், பின்னர்த் திருத்திக்கொண்டதையும் காய்தல் உவத்தலின்றி ஆராய்வோர் இக்குரலுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

1989-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், கோப்பன்ஹேகன் நகர மண்டபத்தில், துணை மேயர் ஒருவரின் முன்னிலையில், 11 இணையர் தம் கூட்டுவாழ்வைப் பதிவு செய்துகொண்டனர். அவர்களுள் முதல்வர் ஆக்செல், ஐகில் என்னும் இருவர். ஒருவர்க்கு அகவை 74, மற்றவர்க்கு 67. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். இருவரும் 'அக்ஸ்கில்' என்னும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கியிருந்தனர். அப்பெயர் அவர்தம் தந்தையரிடமிருந்து வந்ததன்று. ஒருவர் பெயரின் தலைப்பகுதியையும் மற்றவர் பெயரின் கடைப்பகுதியையும் சேர்த்து அவர்களே ஆக்கிக்கொண்டது. சட்டம் தங்களுக்கு ஒரு பெயரைத் தரும் என்று காத்திருந்தால் காலம் கழிந்துவிடும் என அவர்கள் எண்ணினர் போலும்!

ஆக்செல் 1948-இல் டென்மார்க்கின் முதல் ஒருபாலர் உரிமைச் சங்கத்தை நிறுவியவர். அவர்தாம் நிறுவனர் என்பது ஊரறிந்தபின் வேலையை இழந்தார். குடியிருந்த இடத்தையும் இழந்தார். 1950-களில் ஆடவரின் ஆடையற்ற படங்களை விற்றதாக எழுந்த வழக்கில் அவரும் ஐகிலும் சிறை சென்றனர். இதனையும் மறைக்காமல் கூறுதலே முறை. அவர்கள் மாசற்ற முனிவர்கள் என்று எவரும் வாதாடவில்லை. திருமணம் செய்துகொள்ள வரும் ஆணிடமும் பெண்ணிடமும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பாரில்லை. இவர்களிடம் மட்டும் அதனைக் கேட்பது எந்த நீதி?

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்றுண்டு. டென்மார்க்கில் ஒருபால் உறவு குற்றம் என்னும் விதி 1933-இலேயே நீங்கிவிட்டது. அதாவது, ஆக்செல் வேலையை இழந்தபோதும் வீட்டை இழந்தபோதும் அவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அல்லர். குற்றம் இல்லை என்று அறிவித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பார் கருத்து எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. தண்டியாமல் விடுவது ஒன்று, ஏற்றுக்கொள்வது வேறொன்று. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே அந்நாட்டில் 56 ஆண்டுகள் கழிந்தன.

அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒருவர்க்கொருவர் துணையாயிருந்த இருவருள் ஒருவர் மறைகிறார். வீட்டுப் பத்திரம் மறைந்தவர் பெயரில் இருக்கிறது. உயில் எழுதப்பட்டிருந்தாலும், சட்டம் எஞ்சியவரை அயலார் என்றே கருதுகிறது; அயலார்க்குரிய வரியைக் கேட்கிறது. பல ஆண்டுகள் எட்டிப் பாராத உடன்பிறந்தார் மகன் உரிமையோடு வந்து கதவைத் தட்டுகிறான். ஓய்வூதியம் நின்றுபோகிறது. டென்மார்க் அரசு இக்கொடுமையை ஓரளவு உணர்ந்தது. 1986-இல் மரபுரிமை வரியளவில் கூடிவாழும் ஒருபால் இணையர்க்குக் கணவன் மனைவிக்குரிய சலுகையை வழங்கிற்று. வரி அலுவலகம் கண்டுகொண்ட உறவைப் பதிவு அலுவலகம் காணாதிருந்தது விந்தையே. இதனை ஆராய 1984-இல் நாடாளுமன்றத்தின் விருப்பப்படி ஓர் ஆணையம் அமைந்திருந்தது. 1988-இல் வந்த அதன் அறிக்கையில் பெரும்பான்மை உறுப்பினர் தனிப் பதிவுச் சட்டத்தைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் நாடாளுமன்றம் அறிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. 1989 மே 26-ஆம் நாள் 71 வாக்குகள் ஆதரித்தும் 47 வாக்குகள் எதிர்த்தும் விழ, சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டம் மிகச் சுருக்கமானது. ஒருபாலர் இருவர் தம் கூட்டுவாழ்வைப் பதிவு செய்துகொள்ளலாம். அப்பதிவுக்குத் திருமணத்தின் சட்டப் பயன்கள் யாவும் உண்டு. விலக்குகள் மட்டும் இவை இவை என்று அது கூறிற்று. சொத்துரிமை, மரபுரிமை, வாடகைவீட்டு உரிமை, ஒருவரை ஒருவர் பேணும் கடமை ஆகிய அனைத்தும் ஒரே வரியில் வந்து சேர்ந்தன. மணவிலக்கும் அவ்வாறே. கூடும்போது ஏட்டில் எழுதியவர்கள் பிரியும்போதும் சட்டத்தின் வழியாகவே பிரிய வேண்டும். கடமை சிறிதும் இன்றி உரிமை மட்டும் கேட்கும் கூட்டம் என்று இவர்களைப் பழிப்போர் இவ்விதியை ஒருமுறையேனும் படித்திருப்பார்களா என்பது ஐயமே. பேணுதற்கடமையை வலிந்து கேட்டு வாங்கிக்கொண்ட மக்களைப் பொறுப்பற்றவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

"அன்பு இருந்தால் போதாதா? தாள் எதற்கு?" என்று வினவுவோர் உளர். இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கான சீர்திருத்தச் சட்டம் 1976-இல் இயற்றப்பெற்று 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த இந்துத் திருமணத்திற்குப் பதிவு கட்டாயமில்லை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள், ஊரார் வாழ்த்தினார்கள், அத்துடன் நிறைவுற்றது. சட்டம் வந்த பிறகும் 'தாலி இருக்கத் தாள் எதற்கு?' என்று வாழ்ந்தோர் பலர். அவர்தம் பிள்ளைகள் பிறப்புப் பத்திரத்திற்கும் அடையாள அட்டைக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதை தோட்டப்புறத்தில் எவரும் அறியாததன்று. கணவன் இறந்தபின் சேமநிதிப் பணத்தைப் பெறச் சென்ற பெண், தான் மனைவிதான் என்பதை மெய்ப்பிக்க ஊர்ப் பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு நிற்க நேரின், அவள் அன்பில் குறைந்தவள் என்றா பொருள்? தாளின் அருமை தாளில்லாதவர்க்கே தெரியும். அதனைப் பட்டறிந்த ஒரு சமுதாயம், இன்னொருவன் தாள் கேட்கும்போது 'அன்பு போதாதா?' என்று தத்துவம் பேசுவது அழகன்று.

தமிழகத்து வரலாறு இதனினும் கூரியது. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி, இருவர் மனமொப்பி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் பல்லாண்டுகள் நடந்து வந்தன. அவை செல்லா என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பின்படி அங்ஙனம் மணந்து பிள்ளை பெற்று வாழ்ந்த குடும்பங்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் குடும்பங்களே அல்ல. 1967-இல் அண்ணாவின் அரசு சட்டத்தைத் திருத்தியது. இனி நடக்கும் திருமணங்களோடு முன்பே நடந்தவையும் செல்லும் என்றது அத்திருத்தம். அதனால் வைதிகச் சடங்குகள் அழிந்துவிட்டனவா? அக்கினி வலம் வர விரும்புவோர் இன்றும் வலம் வருகின்றனர். சடங்கு வேண்டுவோர்க்குச் சடங்கு, வேண்டாதார்க்குச் சட்டம். இரண்டும் அருகருகே வாழ்கின்றன. சுயமரியாதைத் திருமணத்தைப் போற்றி மேடையில் முழங்கும் தமிழ்ப் பற்றாளர் சிலர், ஒருபால் இணையரின் பதிவு என்றதும் முகம் சுளிப்பது ஏனோ? புரோகிதர் இல்லாத திருமணம் திருமணமே அன்று என்று அன்று வாதாடியோரின் சொற்களை அப்படியே எடுத்து ஆள்கிறோம் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

இனி டென்மார்க் செய்யத் தவறியதற்கு வருதல் வேண்டும். பதிவு பெற்றோர் பிள்ளையைத் தத்தெடுக்கலாகாது என்றது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். தேவாலயத்தில் திருமணச் சடங்கு நடத்திக்கொள்ளும் உரிமையும் இல்லை என்றது. இவ்விரண்டாம் விலக்கின் கடுமையை உணர வேண்டுமாயின் அந்நாட்டுத் திருச்சபையின் நிலையை அறிதல் வேண்டும். எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபையே டேனிய மக்களின் திருச்சபை என்றும், அரசு அதனைத் தாங்கும் என்றும் அந்நாட்டு அரசியலமைப்பே கூறுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் பிறந்த குழந்தையின் பெயரை எழுதும் ஏடும் திருச்சபையின் பங்கு அலுவலகத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. தேவாலயத்தில் குருவானவர் நடத்தும் திருமணமே சட்டப்படி செல்லும் திருமணம். தனியாகப் பதிவு அலுவலகம் செல்ல வேண்டியதில்லை. பதிவேடும் பலிபீடமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாடு அது. மலேசியாவிலும் சில கோயில்களிலும் தேவாலயங்களிலும் துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர்கள் உண்டு. ஆயினும் அங்கே ஏடு அரசினுடையது, வழிபாடு கோயிலினுடையது. டென்மார்க்கில் இவ்விரண்டும் பின்னிக் கிடந்தன. அத்தகைய நாட்டில் 'நகர மண்டபத்திற்குச் செல்; தேவாலயத்திற்கு வாராதே' என்பது வெறும் இடமாற்றம் அன்று. முதல் நாளில் பதிவு செய்துகொண்ட 11 இணையருள் ஒருவர் அத்திருச்சபையிலேயே குருவாகப் பணியாற்றியவர். பிறர்க்கெல்லாம் திருமணம் நடத்தி வைத்த அவர், தம் வாழ்வுக்கு வாழ்த்துப் பெறும் உரிமையின்றி நகர மண்டபத்தில் நின்றார்!

இவ்விலக்கைக் காட்டி, "பாதிதானே கிடைத்தது, பாதியை ஏற்பது அடிமைத்தனம்" என்று ஒருபாலர் இயக்கத்தினுள்ளேயே சிலர் இச்சட்டத்தைச் சாடினர். திருமணம் என்னும் அமைப்பே பழைய தளை. அதனைப் போலச் செய்ய ஒருபாலர் ஏன் ஓடவேண்டும் என்றும் கேட்டனர். படிப்பதற்கு வீரமாக இருக்கும் வாதம் இது. ஆனால் மருத்துவமனையில் கிடப்பவர் பக்கத்தில் அமர முடியாமல் வெளியே நிற்பவர்க்கு இவ்வீரத்தால் ஒரு பயனும் இல்லை. திருமணத்தை வெறுப்பவர் பதிவு செய்யாதிருக்கலாம். அவர் கையைப் பிடித்து எழுத்தர் ஏட்டில் எழுதப்போவதில்லை. வேண்டாதாரின் வெறுப்பை வேண்டுவோரின் மீது சுமத்துவது, சமயவாதி செய்யும் அதே பிழையை மறுபுறமிருந்து செய்வதாகும்.

ஆனால் பாதி கிடைத்ததை முழுமை என்று கொண்டாடியோரும் பிழைபட்டவரே. "பதிவு தந்துவிட்டோம், இனி என்ன குறை?" என்று பெருமைப்பட்டோர் பலர். தனி ஏடு என்பது, உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தாலும், அட்டையிலேயே வேறுபாட்டைத் தாங்கி நிற்பது. எல்லைக்கு அப்பால் சென்றால் அதன் மதிப்பும் உறுதியில்லை. ஒரு நாட்டுத் திருமணத்தைப் பிற நாடுகள் அறியும். 'பதிவு பெற்ற கூட்டுவாழ்வு' என்று ஒரு தாளை நீட்டினால் அயல்நாட்டு அலுவலர் புருவத்தை உயர்த்துவார். ஒருவரேனும் டென்மார்க்கில் வாழும் அந்நாட்டுக் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்று தொடக்கத்தில் விதித்ததும் இதனால்தான். ஆக, அரசு தன் கணக்கை எழுதத் தொடங்கியது சரி. வேறு மையில் எழுதியதுதான் குறை.

இக்குறை படிப்படியாக நீங்கிற்று. 1999-இல் இணையரின் பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமையும், 2010-இல் இருவரும் சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையும் வந்தன. இதற்கிடையே நார்வே 1993-இலும், சுவீடன் 1995-இலும், ஐஸ்லாந்து 1996-இலும் இத்தகைய பதிவைத் தொடங்கிவிட்டன. டென்மார்க்கின் அச்சம் நிறைந்த வாதங்களை இந்நாடுகள் மீண்டும் கேட்டன. கேட்டபின் பதிவையும் தொடங்கின. எந்த ஆணும் எந்தப் பெண்ணும் மணந்துகொள்வதை இச்சட்டங்கள் தடுக்கவில்லை. அவர்தம் உரிமையில் ஓர் எழுத்தும் குறையவில்லை.

திருச்சபையின் பாதை இன்னும் மெதுவானது. 1990-களில் ஆயர்கள் இதனை ஆராய்ந்தனர். அதிகாரம் பெற்ற சடங்குமுறை ஒன்றை வகுக்க அவர்கள் முன்வரவில்லை. எனினும் வாழ்த்து வேண்டி வருவோரைத் தனி வழிபாட்டில் வாழ்த்திய குருமார் இருந்தனர். சமயம் தன் உள்ளத்தோடு தானே போராடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போராட்டத்தை இகழ்வது தகாது. நூற்றாண்டுகளாக ஓதிய பாடத்தை மீண்டும் எடுத்துப் படிப்பவர்க்குக் காலம் தேவை. ஆயின், சமயம் படித்து முடிக்கும் வரை அரசு தன் ஏட்டை மூடி வைத்திருக்க வேண்டும் என்பதே ஏற்கத் தகாதது. டென்மார்க் நாடாளுமன்றம் அவ்வாறு மூடி வைத்திருந்தால் அந்த 11 இணையரும் ஆயர்களின் முடிவுக்காக மேலும் 23 ஆண்டுகள் வாயிலில் நின்றிருப்பர்.

2012 ஜூன் 7-ஆம் நாள் நாடாளுமன்றம் 85 வாக்குகளுக்கு 24 என்னும் பெரும்பான்மையில், ஒருபால் இணையர்க்கும் திருமணச் சட்டத்தைத் திறந்தது. எட்டு நாட்களில், ஜூன் 15 அன்று, அது நடைமுறைக்கு வந்தது. நகர மண்டபத்தோடு தேவாலயத்தின் கதவும் திறந்தது. அம்முயற்சியை முன்னின்று நடத்திய திருச்சபைத்துறை அமைச்சர் மனு சரீன் இந்திய வம்சாவளியினர் என்பது இந்நாட்டு வாசகர்க்குச் சுவையூட்டும் செய்தி. பிறநாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தார் ஒருவர், அந்நாட்டின் தேசியத் திருச்சபைக்குப் பொறுப்பான அமைச்சராகி, அதன் கதவை அகலத் திறந்தார்!

"பார்த்தீர்களா, கடைசியில் சமயத்தைக் கட்டாயப்படுத்திவிட்டார்களே!" என்று கூறுவோர் அச்சட்டத்தை முழுமையாகப் படித்தல் வேண்டும். தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது எனக் கருதும் குருவானவர் எவரும் அச்சடங்கை நடத்த மறுக்கலாம். மறுத்ததற்காக அவர்க்குத் தண்டனை இல்லை. அவ்வாறு மறுத்தால் வேறொரு குருவானவரை ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஆயருடையது. மறுப்பவரின் மனச்சான்றும் காக்கப்பெற்றது. வாயிலில் நிற்போரின் வழிபாட்டுரிமையும் காக்கப்பெற்றது. இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்குத் தொடுத்தோரும் உண்டு. 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை.

சமயத் தலைவர் என்றாலே முட்டுக்கட்டை என்று முடிவு கட்டுவதும் நேர்மையன்று. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. அந்நகர மக்கள் 1990 நவம்பரில் வாக்களித்து, இல்லத் துணைவர் பதிவு என்னும் முறையை ஏற்றனர். 1991 பிப்ரவரி 14 அன்று பதிவு தொடங்கிற்று. அது டென்மார்க்கின் பதிவைப் போன்று வலிமையுடையதன்று; நகரத்தின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் சான்று. 1996-இல் அந்நகர மன்றம் மேலும் ஓரடி எடுத்து வைத்தது. நகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் அமைப்புகள், தம் ஊழியரின் கணவன் மனைவியர்க்குத் தரும் மருத்துவக் காப்புறுதி முதலிய நலன்களை இல்லத் துணைவர்க்கும் தரவேண்டும் என்றது. நகராட்சியின் உதவியோடு ஏழையர்க்குத் தொண்டாற்றி வந்த கத்தோலிக்க அறநிலையத்திற்கு இது பெருஞ்சிக்கலாயிற்று. திருமணத்திற்கு ஒப்பான ஒன்றைத் திருச்சபை ஏற்றதாகிவிடுமே என்று பேராயர் வில்லியம் லெவாடா எதிர்ப்புத் தெரிவித்தார். 1997 தொடக்கத்தில் ஓர் உடன்பாடு பிறந்தது. ஊழியர், தம் வீட்டில் சட்டப்படி வாழும் ஒருவரை, அவர் மனைவியாயினும் வயதான தாயாயினும் துணைவராயினும், நலன் பெறுபவராகப் பெயர் குறிக்கலாம். துணைவர் என்னும் சொல்லைத் திருச்சபை உச்சரிக்கவில்லை. ஆனால் துணைவர்க்கு மருத்துவம் கிடைத்தது.

இவ்வுடன்பாட்டைச் சொற்சூழ்ச்சி என்று இருதரப்பிலும் குறை கூறினர். குறை உண்டுதான். உறவின் பெயரைச் சொல்லாமல் உறவின் பயனைத் தருவது கூச்சத்தின் விளைவே. ஆயினும் பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த அக்கத்தோலிக்கத் தலைவர், தம் கோட்பாட்டில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், ஒரே வீட்டில் வாழ்வோர் ஒருவரையொருவர் தாங்குகின்றனர் என்னும் உண்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அவரால் இயன்றது, ஆகம நெறியும் அறநூலும் கற்ற தமிழ்ப் பெரியோர்க்கு இயலாது என்று நம்புவதற்கில்லை.

டென்மார்க்கில் 2012 ஜூன் 15-க்குப் பின் புதிய கூட்டுவாழ்வுப் பதிவுகள் இல்லை. பழைய பதிவு உடையோர் அப்படியே தொடரலாம். விரும்பினால் திருமணமாக மாற்றிக்கொள்ளலாம். தனி ஏடு தன் பணியை முடித்து மூடப்பட்டது. ஐகில் 1995-இலேயே மறைந்தார். ஆக்செல் 2011 அக்டோபரில், தம் 96-ஆம் அகவையில், அக்கதவு திறப்பதற்குச் சில திங்கள் முன்னர் மறைந்தார். அவ்விருவர்க்கும் கிடைத்தது அந்தத் தனி ஏட்டின் பதிவு மட்டுமே. ஆயினும் ஐகில் மறைந்தபோது ஆக்செல் சட்டத்தின் கண்ணில் அயலார் அல்லர். நகர மண்டபத்து எழுத்து அவ்வளவையேனும் செய்தது.

இவையெல்லாம் ஐரோப்பியர் கதை, தமிழர்க்கு எதற்கு என்பார்க்கு ஒரு சொல். கேள்வி தமிழர் வாயிலுக்கு வந்து நெடுநாளாயிற்று. சிங்கப்பூரில் ஆடவரிடை உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அதே வேளையில் திருமணத்தின் வரையறையை நீதிமன்ற வழக்குகளிலிருந்து காக்கும் பிரிவொன்றை அரசியலமைப்பில் சேர்த்தது. டென்மார்க் 1933-இல் நின்ற இடம் அது: தண்டனை இல்லை, தாளும் இல்லை. மலேசியாவில் அவ்விடத்திற்கும் வந்தபாடில்லை. அங்கே இது தண்டனைச் சட்டத்தின் கீழ் இன்னும் குற்றமே. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று, ஒருபால் இணையர்க்குத் திருமண உரிமையைத் தான் வழங்க இயலாது, அது சட்டமன்றங்களின் பணி என்றது. அடுத்த திங்களே சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய இணையர் தம் குடும்ப உறவை ஓர் ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்துகொள்ளும் முறையைத் தமிழக அரசு எண்ணிப் பார்க்கலாம் என்றார். 2025 மே திங்களில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், தன் விருப்பத்திற்கு மாறாகப் பெற்றோர் வீட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 25 அகவைப் பெண் ஒருவரை விடுவித்தபோது, குடும்பத்தை அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறினர்.

அத்தகைய பதிவு தமிழ் மண்ணில் எழுதப்பெறுமாயின் அதில் இருக்க வேண்டியவை பெரும்பட்டியல் அல்ல. நோயுற்றவர்க்காக மருத்துவரிடம் கையொப்பமிடும் உரிமை. கூடி ஈட்டிய வீட்டில் எஞ்சியவர் தொடர்ந்து வாழும் உரிமை. சேமநிதிக்கும் ஓய்வூதியத்திற்கும் உரியவராகும் உரிமை. முதுமையிலும் வறுமையிலும் ஒருவரை ஒருவர் பேணும் கடமை. பிரிய நேர்ந்தால் நடுவர் முன் சென்று கணக்குத் தீர்க்கும் கடமை. மறைந்தவரின் உடலைப் பிணவறையிலிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை. இவற்றுள் எதனிலும் மந்திரம் இல்லை, மாலை இல்லை, மணவறை இல்லை. உடலைப் பெற்று வந்த பிறகு கொள்ளி வைப்பவர் எவர், தேவாரம் ஓதுபவர் எவர் என்பதை ஊராரும் உறவினரும் சமயப் பெரியோரும் அமர்ந்து பேசிக்கொள்ளட்டும். டேனிய ஆயர்களைப் போல அதற்குக் காலமும் எடுத்துக்கொள்ளட்டும். பிணவறை எழுத்தர் அதுவரை காத்திருக்க இயலாது. அன்றைக்கே அவர் ஏட்டில் ஒரு பெயரை எழுதியாக வேண்டும்.